காலையில் மட்டும் வழுக்கும் சக்கரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சத்தத்திலிருந்து வந்தது. பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, புதுப்பட்டினத்தில் ஒரு தெருவில், ஒரு பெண் மின்சார சைக்கிளில் வந்தாள். தெருமுனையிலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டு, வந்த வேகத்தில் வீட்டு வாசல்வரை வண்டியை ஓடவிட்டாள். பின்சக்கரம் டிக் டிக் டிக் என்றது. சைக்கிள் என்றால் அப்படித்தான் சத்தம் போடும், இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தச் சைக்கிள் ஆறு வாரமாக அந்தச் சத்தத்தைப் போடவில்லை. அது மறுபடி வந்ததைக் கேட்டு வீட்டுக்குள் இருந்த ஓர் ஆள் வாசலுக்கு வராமல் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டான். ஏன் அப்படிப் போனான் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

எழுத்து எனக்குத் தொழில் இல்லை. தொழில் வேறு, கதைக்குத் தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன். ஆனால் கதை சொல்ல எனக்கு நன்றாகவே வரும், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நாலு சிறுபத்திரிகைக்காரர்கள் என் கதைகளை அச்சடித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் படித்தும் பார்த்திருக்கிறார்.

இந்தக் கதையின் தொடக்கத்துக்கு மட்டும் மூன்று காகிதம் போனது.

"வங்கக் கடலின் அலைகள் மாமல்லபுரத்துக் கற்களைத் தழுவும் அந்த இளங்காலையில்..." (அடித்தாயிற்று. அலை எதைத் தழுவுகிறது என்று பார்க்க ஷாஹிதாவுக்கு அந்த வேளையில் நேரம் கிடையாது.)

"ஷாஹிதா ஒரு நர்ஸ். அவளுடைய கணவன் ஒரு மோசமான..." (பாதியில் விட்டேன். மோசமானவனா இல்லையா என்பதை நாலாம் பகுதியில் பார்த்துக்கொள்ளலாம்.)

"சைக்கிளின் பின்சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது தெரியுமா?" (இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.)

2

பின்சக்கரத்து நடுவில், செயின் ஓடும் பல்சக்கரங்களுக்கு உள்ளே, ஃப்ரீஹப் என்று ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் மூன்று சின்ன இரும்பு நாக்குகள். ஒவ்வொரு நாக்குக்கும் பின்னால் தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங். மிதித்தால் நாக்குகள் நீண்டு சக்கரத்தின் பல்லைக் கடித்துக்கொள்ளும், வண்டி நகரும். மிதிப்பதை நிறுத்தினால் அதே நாக்குகள் பல்லின் மேல் தட்டித் தட்டி ஓடும். டிக் டிக் அதுதான். ஷாஹிதாவின் வண்டியில் மோட்டார் இரண்டு பெடலுக்கும் நடுவில் இருக்கிறது. அதுவும் இதே செயினைத்தான் இழுக்கிறது. ஆகவே நாக்குகள் கடிக்காவிட்டால் காலும் வீண், மோட்டாரும் வீண். இவ்வளவு தெரிந்தால் போதும். இனி இயந்திரப் பாடம் கிடையாது.*

* கொஞ்சம் இருக்கிறது. ஐந்தாம் பகுதியில்.

ஷாஹிதாவுக்கு முப்பத்தொன்பது வயது. மாமல்லபுரத்தில் மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற ஹெட் நர்ஸ் நடத்தும் மையத்திலிருந்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை. காலை ஆறு மணிக்குப் புதுப்பட்டினத்தில் கிளம்பினால் சதுரங்கப்பட்டினம், மெய்யூர் குப்பம், கொக்கிலமேடு என்று கடலோரமாகவே வடக்கே போவாள். சர்க்கரை பார்ப்பாள், சாப்பாட்டுக்கு முந்திய இன்சுலின் ஊசியைப் போடுவாள், கால்புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வாள். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போய்க்கொண்டிருந்தபோது ஐந்து வீடுதான் முடிந்தது. நாவலூரில் குடியிருந்த பிரவின்குமார் என்ற சாஃப்ட்வேர்காரர் வெளிநாடு போகும்போது விற்ற இந்தச் சைக்கிள் வந்ததும் ஒன்பது வீடாயிற்று. எந்த வீட்டுக்கு முதலில், எந்தச் சந்தில் மணல் குறைவு, எந்த வீட்டு நாய் காலைக் கவ்வும் என்று எல்லாம் அவளே ஓடி ஓடிப் பார்த்து அமைத்த சுற்று அது. அவள் வாழ்க்கையில் யாரும் வரைந்து கொடுக்காமல் அவளாக வரைந்தது அது ஒன்றுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கணவன் நூர்முகமது, போட் இன்ஜின் உதிரிபாகம் விற்கிறவன். வீட்டின் முன்பக்கம் கடை. இப்போதைக்கு அவனைப் பற்றி இது போதும்.

(ஒரு பக்கக் குறிப்பு. இந்தக் கரையில் எந்த இரும்புச் சாமான் வீட்டுக்குள் வந்தாலும் முதல் வேலை அதற்கு கிரீஸ் வைப்பதுதான். கேட், பூட்டு, ஜன்னல் கொக்கி, தையல் மெஷின், எதையும் விடமாட்டார்கள். விட்டால் ஒரே மழைக்காலத்தில் உப்புக்காற்று தின்றுவிடும். பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைத்து அனுப்புவது போலத்தான். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று இப்போது கேட்காதீர்கள்.)

3

மார்கழி பிறந்த வாரத்தில் வண்டி வழுக்க ஆரம்பித்தது. வழியில் இருக்கும் பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பாள், கால் திடீரென்று வெறுங்காற்றை மிதிக்கும். மோட்டார் உறுமும், செயின் ஓடும், வண்டி மட்டும் நிற்கும். இறங்கித் தள்ளுவாள். சமதரையில் நாலு முறை வெறுமனே மிதித்தால் ஐந்தாவது முறை பிடிக்கும். மறுபடி வழுக்கும். கடைசி வீடான கொக்கிலமேட்டு ஞானம்மாளிடம் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிட்டது.

"எம்மா நேரமா தட்ட முன்னால வெச்சிகினு குந்திகினு கீறேன் தெரியுமா? ஊசி போடாம துன்னக்கூடாதுன்ற, நீயும் வரமாட்டன்ற. எறும்பு துன்னுட்டுப் போயிடிச்சி," என்றாள் ஞானம்மாள். மீன் ஏலத்தில் முப்பது வருஷம் கத்திய குரல் அது, பக்கத்துத் தெருவுக்கும் கேட்டிருக்கும்.

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விட்டு, பழுதும் பார்க்கிற தர்மராஜிடம் மதியம் வண்டியைக் கொண்டுபோனாள். அவர் செயினை அளந்து பார்த்தார், தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். கடையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். அருமையாக ஓடியது. மறுநாள் காலை பாலத்தில் வழுக்கியது. மதியம் மறுபடி கொண்டுபோனாள். கியர் கேபிளை மாற்றினார். அருமையாக ஓடியது. மறுநாள் காலை வழுக்கியது.

மூன்றாவது தடவை தர்மராஜ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சிஸ்டர், வண்டி சோக்கா கீது. நானே மூணு ரவுண்டு அடிச்சிட்டேன். நீங்க மிதிக்கிறதுல இன்னாவோ கீது போல."

"ஒரு ஆளு காலைல ஜுரம் அடிக்குதுன்னு சொல்றாரு. நீங்க மத்தியானம் தொட்டுப் பாத்துட்டு, ஜுரமே இல்ல, உனக்குத்தான் இன்னாவோ கீதுன்னு அனுப்பிடுவீங்களாண்ணே?"

ஷாஹிதா பெடலை ஒரு உதை உதைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரக் கடைசியில் மார்கரெட் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை, அதனால் பயம் கூடுதல். "உன்னக் குத்தம் சொல்லல ஷாஹிதா. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி போடற ஊசிய சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டாவணும். பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள உன் வண்டி சரியாவலன்னா அந்த ரூட்ட ஷபானாவுக்குக் குடுத்துடுவேன், அவகிட்ட ஸ்கூட்டி கீது. நீ சென்டர்ல ரிஜிஸ்டர் பாத்துக்க."

ரிஜிஸ்டர் என்றால் நாற்காலி, மின்விசிறி, நிழல். வேறு யாராவதாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஷாஹிதா பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

4

இனிமேல் கணவனைத் தள்ளிப்போட முடியாது.

சொல்லிவிடுகிறேன், இந்தப் பாத்திரம்தான் எனக்குப் படிய மறுக்கிறது. முதல் வரைவில் அவனை வில்லனாக்கினேன். மனைவி தனியாக ஊர் சுற்றுவது பிடிக்காத ஆள், மீசை, முறைப்பு. படித்துப் பார்த்தால் மீசை மட்டும்தான் நின்றது. இரண்டாவது வரைவில் ஒன்றும் அறியாத அப்பாவியாக்கினேன். படித்துப் பார்த்துச் சிரித்தேன். அவ்வளவு அப்பாவி உதிரிபாகக் கடை நடத்தினால் மூன்றே மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான்.

நடந்தது மட்டும் சொல்கிறேன். மார்கரெட் சொன்னதைக் கேட்டதும் நூர்முகமது ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

"ஏறு, நான் கொண்டு வுடறேன்."

"கட இன்னா ஆவறது மச்சான்?"

"கட எங்கயும் ஓடிப்போவாது."

மறுநாளிலிருந்து ஒன்பது வீட்டுக்கும் அவன்தான் கொண்டுபோனான். சந்துகளில் காத்துக்கொண்டு நின்றான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இவள் வேலை எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரிந்தது அந்த நாட்களில்தான். பின்னால் உட்கார்ந்தபடி அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஞானம்மாளின் கால் விரலில் கறுப்பு ஏறுகிறதே என்ற பயம், மெய்யூர் குப்பத்தில் ஒருவர் ஊசியைப் பார்த்ததும் பாட ஆரம்பிப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் சோறும் குழம்பும் பற்றித்தான் பேச்சு. ஸ்கூட்டரில் வேறு ஒரு ஷாஹிதா பேசினாள். முதல் வேகத்தடையில் அவன் தோளைப் பிடித்தாள், பிடித்த கையை அப்புறம் எடுக்கவில்லை.

(இதை எழுதும்போது இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. கதாசிரியனுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று)

(விட்டுவிட்டேன்.)

5

ஆனால் ஷாஹிதா சும்மா உட்கார்ந்து வருகிறவள் இல்லை. சர்க்கரை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டாள். காலை கிளம்புமுன் சைக்கிளில் தெருக்கோடி வரை ஒரு சுற்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று. நேரம், வெயிலா நிழலா, வழுக்கியதா இல்லையா. எட்டாம் நாள் பக்கத்தைப் பார்த்தாள். காலை எட்டும் வழுக்கல். மதியம் ஒன்றுகூட இல்லை. மாலை இரண்டு, இரண்டும் மழை மூட்டமான நாட்கள்.

இன்னொன்றும் அந்த நோட்டிலேயே கிடைத்தது. நவம்பர் 29, சனிக்கிழமைப் பக்கத்து மூலையில் அவளே பேனாவை ஓட்டிப் பார்க்க எழுதியது: 'வண்டி இன்று சத்தமே இல்லை. வெண்ணெய் போல ஓடுகிறது.' முனகிக்கொண்டிருந்த நோயாளி திடீரென்று அமைதியானால் நர்ஸ் சந்தோஷப்பட மாட்டாள், ஓடிப்போய் நாடி பார்ப்பாள். சைக்கிள் விஷயத்தில் அவளுக்கு அது தோன்றாமல் போயிருந்தது.

வண்டியை மதியம் தர்மராஜ் கடையில் விட்டாள். "இன்னிக்கு இத நீங்க தொடவே கூடாது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வரேன். நீங்களே பாலம் வரைக்கும் மிதிங்க," என்று நோட்டைக் காட்டினாள். தர்மராஜ் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார்.

காலையில் நூர்முகமது அவளைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, வேலை இருக்கிறதென்று ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தர்மராஜ் மிதித்தார். ஏற்றத்தில் எழுந்து நின்று அழுத்தினார். வழுக்கியது, முட்டி ஹேண்டில்பாரில் போய் இடித்தது.

"மாப்பு, சிஸ்டர்," என்றார், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "உங்க மிதில ஒண்ணுமில்ல."

சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரத்தை எடுத்து, ஃப்ரீஹப்பை உருவினார். உள்ளே நாக்குகளே தெரியவில்லை. பச்சை கலந்த நீல கிரீஸ் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. (பாக்கி வைத்த பாடம் இதுதான். பனிக்காற்றில் இந்த கிரீஸ் இறுகும், நாக்கைப் பிடித்துக்கொண்டு விடாது. தலைமுடி கனத்து ஸ்பிரிங்கால் என்ன செய்ய முடியும்? வெயில் ஏறினால் இளகும், நாக்கு நீளும், எல்லாம் சரியாகும்.)

"எவன் வெச்சான் இத? இது போட் இன்ஜினுக்கு வெக்கறதாச்சே. இங்க சொட்டு எண்ணெய்தான் வுடணும்."

ஷாஹிதா ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் பக்கத்தில் படுத்திருக்கிற கையின் வாசனை அது. பையிலிருந்து, சிறுநீர் எடுக்கக் கொடுக்கும் சின்ன டப்பா ஒன்றை எடுத்து, கிரீஸைக் கொஞ்சம் வழித்துப் போட்டு மூடினாள். மேலே லேபிள் ஒட்டி, சத்தம் நின்றதற்கு முந்தைய நாளை எழுதினாள்: நவம்பர் 28, வெள்ளி.

தர்மராஜ் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் டிக் டிக் டிக். அன்று அவள் சுற்றைத் தலைகீழாகப் போனாள். "இன்னா சிஸ்டர், இன்னிக்கு நான்தான் மொதலா?" என்று ஞானம்மாள் அடுப்பிலிருந்த இட்லியைக்கூட இறக்காமல் வந்து கையை நீட்டினாள். ஒன்பது வீடும் எட்டரை மணிக்குள் முடிந்தது. மார்கரெட்டுக்கு போன் போட்டுச் சொன்னாள். சுற்று பிழைத்தது.

(கடையில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தர்மராஜ் சொன்னார். ஷாஹிதா சொல்லவில்லை.)

6

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

ஒன்று: அவள் டப்பாவைக் கணவன் முன்னால் வைத்துக் கத்துகிறாள். என்னை வீட்டில் உட்கார வைக்கத்தானே இப்படிச் செய்தாய் என்கிறாள். நல்ல காட்சி, நாடகத்துக்கு ஏற்றது. ஆனால் நடக்கவில்லை.

இரண்டு: அவள் சிரித்துவிடுகிறாள். சக்கரம் துருப்பிடிக்கக்கூடாது என்று பாசத்தில் வைத்த கிரீஸ்தானே என்கிறாள். இருவரும் டீ குடிக்கிறார்கள். இதுவும் நடக்கவில்லை.

மூன்று: நடந்தது. டப்பாவைக் கொண்டுவந்து அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டாள். நாலு நாளாக அது அங்கேயே இருக்கிறது. பொங்கலும் வந்து, பக்கத்து வீட்டுப் பொங்கல் கிண்ணம் அதன் பக்கத்திலேயே வைக்கப்பட்டது.

இந்த மூன்றாவதை முடிவு என்று சொல்லி நான் எழுந்து போய்விடலாம். நறுக்கென்று இருக்கும், பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும். ஆனால் இந்தக் கதையில் ஷாஹிதாவுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இத்தனை பக்கமும் நடிப்பு.

ஸ்கூட்டரில் கொண்டுவிட ஆரம்பித்த மூன்றாம் நாள், நூர்முகமதுவின் கடைக்கு சதுரங்கப்பட்டினத்துக்காரர் ஒருவர் கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் கடலுக்குப் போகும்போது கயிற்றை இழுத்தால் வெறுமனே சுற்றுகிறது, வெயில் ஏறினால் பிடிக்கிறது என்றார். நூர்முகமது திறந்து பார்த்துக் கத்தினான்: "நாக்குல போயி எவனாவது இந்த கிரீஸ வெப்பானா நைனா? புத்தி கீதா?" அவர் தலையைச் சொறிந்தார். நூர்முகமது ஸ்பேனரைக் கீழே வைத்தான். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து, தன் கையாலேயே ஷாஹிதாவின் சைக்கிளுக்கு அதே கிரீஸை, அதே மாதிரி மூன்று நாக்கின் மேல், போதாதென்று இன்னும் ஒரு கரண்டி வைத்தது ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். அரை மணி நேர வேலை. மண்ணெண்ணெய் கடையிலேயே இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு அவள் தனியாகப் போய்விடுவாள், தோளில் கை இருக்காது, ஞானம்மாளின் விரல் என்ன ஆயிற்று என்று தெரியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் போனது. அதில் எட்டு நாள் காலையும் அவள் தெருக்கோடி வரை மிதித்து, வழுக்கி, நோட்டில் எழுதுவதை வாசலில் நின்று பார்த்தான். பொங்கல் நெருங்குவதும் தெரியும். சுற்று கைவிட்டுப் போனால் அவள் என்ன ஆவாள் என்பதும் அந்த ஸ்கூட்டரில் கேட்டுக் கேட்டு அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கிரீஸை வேண்டுமென்று வைக்கவில்லை. வாயை வேண்டுமென்றேதான் மூடிக்கொண்டிருந்தான்.

நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். என் தொழில் போட் இன்ஜின் உதிரிபாகம். கடை வீட்டின் முன்பக்கம்.

7

ஷாஹிதா என்பது உன் பெயர் இல்லை. நூர்முகமது என் பெயரும் இல்லை. நேரில் சொல்ல வாய் வராததால், உனக்கு ஒரு பெயரும் எனக்கு ஒரு பெயரும் வைத்து, ஊராருக்குச் சொல்வது போல இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன். கதை சொல்ல எனக்கு நன்றாக வரும் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? பேசத்தான் வரவில்லை.

நீ அந்த லேபிளில் எழுதியிருக்கிற தேதி சரி. ஆனால் குற்றத்தின் தேதி அது இல்லை. குற்றம் டிசம்பர் 31 சாயங்காலம் தொடங்கி பத்து நாள். திருத்திக்கொள்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் நீ அழுததை ஸ்கூட்டரில் நீதான் சொன்னாய், இரண்டாம் நாள். அதைக் கேட்ட பிறகும்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

(இது அச்சில் வந்து வேறு யாராவது படிக்க நேர்ந்தால், அவள் படித்துவிட்டு அனுப்பச் சம்மதித்தாள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். நானே கட்டவில்லை.)

இந்தக் காகிதங்களை மடித்து டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். காலையில் உப்பை எடுக்கும்போது உன் கைக்குக் கிடைக்கும். கடைசிப் பக்கத்தில் பாதி வெறுமையாக விட்டிருக்கிறேன். மூன்று முடிவு எழுதிப் பார்த்தவன் நான். நாலாவதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை, உனக்குத்தான் இருக்கிறது. சர்க்கரை எழுதுகிற அந்தப் பேனாவாலேயே எழுது. எதை எழுதினாலும் ஒரு எழுத்துக்கூட மாற்றமாட்டேன்.

சைக்கிளுக்குக் காற்று அடித்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சக்கரத்தைத் தொடவில்லை.